ம் கொட்டியவன்

அவன் ம் கொட்டுகிற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அவள் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்ததும் கைப்பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பாள். லாரியை நிறுத்திவிட்டு அவளுக்கு முன்பே வந்திருந்தால் அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பான். முகத்தைத் திருப்பமாட்டான். அவள் ஒரு சங்கதியைச் சொல்லி மூச்சு வாங்கும் இடம் வரும். அந்த இடத்தில், கத்தி பலகையில் படுவதற்குச் சற்று முன்னால், ஒரு ‘ம்’ வந்து விழும். அதில்தான் எத்தனை ரகம்! வாய்க்குள்ளேயே அமுங்கிப்போனால், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், மேலே போ. கடைசியில் வளைந்து ஏறினால், அட, நிஜமாகவா? இரண்டாக உடைந்து வந்தால் அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவன் நம்பவில்லை. மூக்கு வழியாக நீண்டு மெல்ல இறங்குகிற ம் ஒன்றும் உண்டு. அவள் மனசு நொந்து எதையாவது சொல்லும்போது மட்டும் வருவது அது. அதற்கு அர்த்தம் சொல்ல அவளுக்குத் தெரியாது. வந்துவிட்டால் எழுந்து முகம் கழுவப் போய்விடுவாள்.

மாமனாருக்கு இது தீராத வேடிக்கை. ஊரில் பாதிச் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்ந்த மனிதர். கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே குரல் கொடுப்பார்.

“இவன் பொறந்தப்ப அழவே இல்லம்மா. பயந்துபோய் டாக்டர் முதுகுல ஒண்ணு தட்டினாரு. ‘ம்’னான். அன்னையிலேர்ந்து அதை வெச்சே காலத்தை ஓட்டிக்கிட்டிருக்கான்.”

“இருக்கட்டும் மாமா. இந்த வீட்ல என்னைப் பேசவிடுற ஒரே ஆளு அவருதான்.”

“பேசவிடுறானா? தப்பிச்சுப் போக வழியில்லாம உக்காந்திருக்கான்.”

உள்ளேயிருந்து ம் வரும். இரண்டாக உடைந்தது.

மாமாவின் கண்ணாடி அவள் கையால் செய்தது. ஃபிரேமின் வளைவுக்கு லென்ஸைத் தேய்த்து உட்காரவைப்பதுதான் கடையின் பின்னறையில் அவள் வேலை. சுற்றும் கல்லின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். லென்ஸை விரல் நுனிகளில் பிடித்துக் கல்லோடு சேர்த்துத் திருப்பவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓரம் உதிர்ந்துவிடும். மாமாவுக்குப் பவர் அதிகம், லென்ஸ் தடிமன். அதைத் தூங்கும்போதும் அவர் கழற்றுவதில்லை.

“கழட்டிட்டா கனவுல யாரு வர்றாங்கன்னே தெரியமாட்டேங்குது. போன தடவை உங்க அத்தைன்னு நெனச்சு வேற யாருகிட்டயோ ரொம்ப நேரம் பேசிட்டேன்.”

சண்டை வந்தது. லாரி ஓட்டத் தெரிந்தவர்களைப் பட்டாளத்துக்கு முதலில் கூப்பிட்டார்கள். கிளம்பும் காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினான்.

“அங்கேருந்து எதையும் சொல்லக்கூடாதாம். எங்க இருக்கேன், எங்க போறேன், ஒண்ணும் கேக்காதே. நீ பேசு. நான் ம் சொல்லுவேன். அதை வெச்சுப் புரிஞ்சுக்க.”

“புதுசா சொல்லுறாரு பாரு. இத்தனை வருஷமா வேற என்ன நடந்துச்சாம்?” என்றாள். சிரித்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கூப்பிடுவான். கடையில் அது ஆள் வராத நேரம். அவள் மெஷினை நிறுத்தி, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து, உதிரி ஃபிரேம்கள் தொங்கும் மூலையில் போய் நின்றுகொள்வாள். “கேக்குதா?” என்பாள். “கேக்குது, சொல்லு” என்பான். அவள் சொல்லுவாள். தண்ணி மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுவது, கண் பரிசோதிக்க வந்தவர் பலகையில் இருந்த எழுத்துகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வந்து மாட்டிக்கொண்டது, மாமா பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு ‘இதுக்குப் பேரு பெயின்டா, சட்னியா?’ என்று அந்த வீட்டுக்காரரிடமே கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அங்கிருந்து ஒரு ம் வரும். ரகம் பிசகாமல் வரும். போரில் இருக்கிற புருஷன் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. எங்கோ ஒரு சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறான், அவ்வளவுதான்.

பிறகு சில வியாழக்கிழமைகள் வெறுமையாகப் போயின. அந்த நாட்களில் அவள் தேய்த்த லென்ஸ்களில் பாதி ஓரம் உதிர்ந்து வீணாயின. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது.

மறுபடி மணி அடித்தபோது எடுத்த வேகத்தில் ஃபிரேம் தாங்கியையே சாய்த்துவிட்டாள்.

“கேக்குதா? என்னங்க, கேக்குதா?”

“நல்லா இருக்கேன். சாப்ட்டேன். நீ சொல்லு.”

அவன் குரல்தான். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவளிடம் பேசுவதுபோலக் கத்தினான். போதாததற்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் எதிரொலி வேறு. “ஏன் கத்துறீங்க?” என்றாள். ம் என்றான். அங்கே இரைச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எல்லா அழைப்பும் அப்படித்தான். அதே மூன்று வாக்கியங்களில் ஆரம்பிப்பான். பிறகு ம். அந்த ம் ஒரு இமைப்பொழுது பிந்தி வந்தது. ரகங்கள் காணாமல்போயின. சில சமயம் ‘அப்படியா?’ என்று ஒன்று வரும், பொருந்தாத இடத்தில். தண்ணி மோட்டார் எரிந்தேபோனதை அவள் எரிச்சலில் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவனும் சிரித்தான். அவள் சிரிப்பை நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தான்.

அந்தச் சமயத்தில்தான் மாமா போனது. சாயங்காலம் அவள் வந்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். தூங்குகிறார் என்று தண்ணீர் கொதிக்கவைத்தாள், துணி மடித்தாள், அன்றைய சங்கதி ஒன்றைச் சொல்லவும் ஆரம்பித்தாள். பிறகுதான் லென்ஸுக்குப் பின்னால் கண்கள் திறந்திருப்பதைப் பார்த்தாள். தடிமனான லென்ஸ் அவற்றைப் பெரிதாக்கிக் காட்டியது.

கண்ணாடியைக் கழற்றியது அவள்தான். அதன் கூட்டில் வைத்து மூடினாள்.

அவனுடைய அக்கா வந்தாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் முதல் பேச்சே இதுதான்: “இந்தா பாரு, இது அவன் காதுக்குப் போகக்கூடாது.”

“அண்ணி, பெத்த அப்பா...”

“பெத்த அப்பாதான். இப்போ சொன்னா விடுவாங்களா, ஓடி வரட்டும்னு? கண்ணு கலங்கிப்போய் வண்டி ஓட்டுவான். அந்த ரோட்டுல கண்ணு கலங்கலாமா? வந்ததும் நான் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் உன் வாய்க்குப் பூட்டு. அவன் காதுக்குப் போச்சோ, நான் உன்கூடப் பேசமாட்டேன்.”

சும்மாவே பேசிப் பழகியவளுக்குப் பொய் பேசுவது பெரும்பாடு. செத்த மனிதரை வியாழக்கிழமைதோறும் எழுப்பி உட்காரவைக்க வேண்டியிருந்தது. “மாமாவா? நல்லா இருக்காரு. தூங்குறாரு” என்று ஆரம்பித்தாள். தூங்கிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வருமே என்று அடுத்த வாரம் நடக்கவைத்தாள், ஜோக் அடிக்கவைத்தாள். அவர் சொல்லாத ஜோக்குகளை அவர் குரலில் அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். அவை நன்றாகவும் இருந்தன. அதுதான் தாங்கமுடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மத்தியானம் அவளாகப் பேசவைத்த கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத்தைச் சொல்லக் காத்திருப்பதுபோல இருந்தது. நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாள். பிறகு அது இன்னும் மோசமாக இருந்ததால் பழையபடி வைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை உடைந்துவிட்டாள். திட்டமிடவில்லை. “மாமா உங்களை விசாரிச்சாரு” என்று சொல்ல வாயெடுத்தவள், “மாமா இல்லைங்க” என்றாள். “போயிட்டாருங்க. நாற்காலியில உக்காந்தபடியே. நான்தான் பார்த்தேன். உங்ககிட்ட இத்தனை நாளா பொய் சொன்னேன். ஏதாவது பேசுங்க. திட்டுங்க.” அதற்குமேல் வார்த்தை இல்லை. ஃபிரேம்களுக்கு நடுவில் தலையைக் கொடுத்து, குரலெடுத்து அழுதாள். கடைக்காரர் முன்கதவைச் சாத்துவது கேட்டது.

அந்தப் பக்கம் எதிரொலிகூட இல்லை. அப்புறம் வந்தது.

“ம்.”

அவ்வளவுதான். ஒரே ஒரு ம். அவளுக்குத் தெரிந்த எந்த ரகத்திலும் அது சேரவில்லை. தாழ்வாக, நெஞ்சுக்கும் கீழேயிருந்து வந்த ம். அழுகை ஓயும்வரை லைன் திறந்தே இருந்தது. யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு வைக்கப்பட்டது.

அப்பன் செத்ததற்கு ஒரு மகன் ம் என்பானா?

அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்தது, சாப்பிட உட்கார்ந்தது. அந்த ம்மும் வந்தது. மெஷினைப் போட்டால் கல் சுற்றும் ஓசைக்கு அடியில் அது இருந்தது. ஃபிரிட்ஜ் திடீரென்று உறுமும்போது இருந்தது. பேருந்து நின்று புறப்படும்போது கால்வழியாக ஏறியது. எதையாவது வாய்விட்டுச் சொல்லவே பயந்தாள், காலி அறையிலிருந்து பதில் வந்துவிடுமோ என்று.

அடுத்த வியாழக்கிழமை அவன் அதே மூன்று வாக்கியங்களைக் கத்தினான். நல்லா இருக்கேன், சாப்ட்டேன், நீ சொல்லு. அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சோதனை வைத்தாள்.

“நம்ம மொட்டைமாடியில ஒரு கப்பல் வந்து நிக்குதுங்க” என்றாள், சாதாரணக் குரலில்.

“ம்.”

“பெரிய கப்பல். துணி காயப்போட இடமில்ல.”

“ம்.”

“அதுலேர்ந்து மாமா இறங்கி வந்தாரு.”

“அப்படியா?”

கையிலிருந்து போன் நழுவித் தண்ணீர்த் தொட்டியில் விழப்போனது.

அண்ணியிடம் ஓடினாள். அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டதற்கு முதலில் வாங்கிக்கட்டிக்கொண்டாள். பிறகுதான் தன் பயத்தைச் சொன்னாள்.

“அது அவரு இல்ல அண்ணி. குரல் அவரோடது. கேக்குற ஆளு அவரு இல்ல.”

“என்னடி உளறுறே? ம் கொட்டுறதுக்குத் தனியா ஒரு ஆளை வெச்சிருக்கானா உன் புருஷன்?”

“சிரிக்காதீங்க. எனக்கு அவரு இருக்காரா இல்லையான்னே தெரியல.”

“சண்டையில மனசு மரத்துப்போகும். வந்தா சரியாயிடும். போய் வேலையைப் பாரு.” சொல்லிவிட்டு அண்ணியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் அவள் போனை எடுத்தாள், பேசினாள். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலே பேசினாள். புருஷனுடைய குரலைப் போட்டுக்கொண்டு எதுவோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது, கதை கேட்கிறது, நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். நிறுத்திவிட்டால் அந்தக் குரலும் போய்விடுமே. அதனால் நிறுத்தவில்லை.

அவன் ஒரு விடுமுறை நாள் பகலில் வந்தான். முன்கூட்டிச் சொல்லவில்லை. தெருவில் யாரோ கத்துகிறார்கள் என்றுதான் எட்டிப்பார்த்தாள்.

“அப்பா! அப்போவ்! யாரு வந்திருக்கான் பாரு!”

தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு உள்ளே வந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான், அவள் தோளுக்கு மேலாக நாற்காலியைப் பார்த்தான். “எங்க கிழவன்? கனவு பார்க்கப் போயிட்டானா?”

“நான்தான் சொன்னேனே” என்றாள். “போன்ல சொன்னேனே. நீங்க ம்னீங்களே.”

அவன் அவள் உதடுகளைப் பார்த்தான். அவை அசைந்து நின்றதும், “ம்” என்றான்.

பின்னால் சமையலறையில் குக்கர் வீறிட்டது. அவன் இமைகூட அசையவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கிட்டே போய் அவன் காதுகள் இரண்டையும் கையால் பொத்தினாள், எடுத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“கேக்காது” என்றான். முதல்முறையாக மெதுவாக. “வண்டிக்குப் பக்கத்துல வெடிச்சுது. திரும்பிடும்னு சொன்னாங்க, அதான் உன்கிட்ட சொல்லல. வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன்னு ஆஸ்பத்திரியிலயும் சொல்லிட்டேன். அப்பா எங்க?”

குரலெடுத்து ஒருமுறை சொன்னதை, குரல் இல்லாமல் மறுமுறை சொல்லவேண்டும். அவள் அலமாரியைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். கூட்டைத் திறந்து, மடித்த கண்ணாடியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். தூங்கும்போதும் கழற்றாத கண்ணாடி. அவன் அதை விரித்தான், மடித்தான், மறுபடி விரித்தான். பிறகு நாற்காலியில் உட்காரப் போனவன், உட்காராமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

மூக்கு வழியாக நீண்டு மெல்ல இறங்கிய ஒரு ம் வந்தது. இத்தனை மாதம் அவள் காத்திருந்த ம் அது.

மிச்சத்தைப் பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் கேட்டாள், அவன் வாயால் சொன்னான். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன். காலில் அடி. ஆள் ஒட்டடைக்கம்பு உயரம், அதனால் எல்லாருக்கும் அவன் நெட்டை. வியாழக்கிழமைகளில் நெட்டைதான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்துவைப்பான். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இவன் தோளில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ம். இரண்டு என்றால் ‘அப்படியா?’ தோளைப் பிடித்து அமுக்கினால் சிரிக்கவேண்டும்.

அவளுக்கு முகம் சிவந்தது. என்னென்ன பேசியிருக்கிறாள்! வீட்டுச் சண்டை, அண்ணியின் குணம், அவனுக்கு மட்டும் சொன்ன எத்தனையோ. அப்புறம் கோபம் வந்தது. அதை அழுத்தி எழுதினாள்: ‘மாமா போனதை நான் சொன்னப்ப அவரு கேட்டாருல்ல? உங்ககிட்ட ஏன் சொல்லல?’

“அவனுக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியாதே” என்றான் அவன். “நீ மூச்சு விடுற இடம் பார்த்துத் தட்டுவான். உன் பொண்டாட்டி நல்லா மூச்சு விடுறான்னு ஜாடையில கிண்டல் பண்ணுவான்.”

அவள் அடுத்த தாளைக் கிழித்து எடுத்தாள். அவன் தொடர்ந்தான்.

“ஒரு நாள் மட்டும் தட்டவே இல்ல. தோள்ல கையை வெச்சான், எடுக்கவே இல்ல. நான் லைன் கட்டாயிடுச்சுன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டு நின்னேன்.”

‘அன்னைக்கு நீங்க ம்னு சொல்லலையா?’

“தட்டினாத்தானே சொல்லுவேன்?”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ம் என்று சொல்ல வாயைத் திறக்கவேண்டியதில்லை. பக்கத்தில் நின்ற புருஷனுக்கும் அது தெரிந்திருக்காது. வார்த்தை ஒன்றும் புரியாமல், அழுகை மட்டும் புரிந்து, யாரோ ஒருவன் அவளுக்காக அன்று தன் நெஞ்சின் அடியிலிருந்து ம் கொட்டியிருக்கிறான். அதைத்தான் பேய் என்று பயந்து இத்தனை நாளும் ஓடியிருக்கிறாள்.

கடைக்குக் கொஞ்ச நாள் லீவு போட்டாள். அதில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அவன் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே, அந்த நேரத்துக்கு மணி அடித்தது. வாரந்தோறும் போட்ட நம்பர், விரலுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

“கேக்குதா?” என்றாள். பழக்கதோஷம்.

“ம்.”

தாழ்வாக, நெஞ்சுக்கும் கீழேயிருந்து. அவள் ஸ்பீக்கரைத் திறந்து போனை மேஜைமேல் வைத்து, புருஷனைப் பார்த்துத் தலைக்குமேல் கையை உயர்த்தி உயரம் காட்டினாள். அவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

அந்தப் பக்கம் நெட்டை பேச ஆரம்பித்தான். அவனுடைய பாஷையில், நிறுத்தாமல். கரடுமுரடான, அழகான குரல். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் அவனும் மூச்சு வாங்கினான். மூச்சு வாங்கும் இடத்தில் அவள் புருஷனின் தோளில் தட்டினாள். “ம்” என்றான் அவன், மேஜையைப் பார்த்துக் கத்தி. அங்கே ஒரு சிரிப்பு. மறுபடி பேச்சு. தட்டினாள். ம். ஓரிடத்தில் குரல் ஏறி நின்றது, எதையோ கேட்பதுபோல. தட்டினாள். ம். சற்றுப் பொறுத்து அதே சொற்கள் மறுபடியும் வந்தன, மெதுவாக, ஒவ்வொன்றாக. மறுபடியும் தட்டினாள். ம்.

பிறகு நெட்டை நீளமாக ஒரு ம் சொல்லிவிட்டு வைத்தான்.

அதற்கடுத்த வியாழக்கிழமை மணி அடிக்கவில்லை. அதற்கடுத்ததும்.

மழைக்காலம் முடியும்போது, ஆஸ்பத்திரியில் புருஷன் விட்டுவந்த போர்வையையும் சவரப் பெட்டியையும் கொடுக்க ஒரு சிப்பாய் வந்தான். ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது. நெட்டையின் ஊர்க்காரன். இந்தப் பாஷையும் தட்டுத்தடுமாறிப் பேசுவான். அவள் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, நெட்டையைப் பற்றிக் கேட்டாள். முன்னால், போர்முனைக்குப் போனவர்களில் யாரும் இன்னும் திரும்பவில்லை என்றான். பிறகு, நெட்டை கடைசியாக இங்கே கூப்பிட்ட அன்று போனுக்கு நின்ற வரிசையில் தான் அவனுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னான். காலையில் தங்களை முன்னால் அனுப்புகிறார்கள் என்பதைத்தான் நெட்டை முதலில் சொன்னானாம். பிறகு, தனக்கென்று திரும்பிப்போக வீடு கிடையாது, எல்லாம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டானாம். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவையும் கேட்டானாம். போனை வைத்துவிட்டு வரிசையில் நின்ற ஒவ்வொருத்தனிடமும் சொல்லிக்கொண்டே போனானாம், வரச் சொல்லிவிட்டார்கள் என்று.